வலிக்காத காய்ப்புக்கும் பாத மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

நெய்தல்_நாகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 60 வயது கடந்துவிட்டது. 15 ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வலது பாதத்தில், கட்டைவிரலுக்கு நேர் கீழே தரையில் ஊன்றும் மேட்டில், நெடுநாளாகவே ஒரு காய்ப்பு இருக்கிறது. அண்மையில் அதன் நடுவே மிளகளவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவே இல்லை என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் தடவுவதற்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சென்னையில் இருக்கும் அத்தை மகனோ, பாதத்துக்கென்றே தனி மருத்துவர், அதாவது பொடியாட்ரிஸ்ட், இருக்கிறார், அவரிடம் உடனே காட்டுங்கள் என்று வற்புறுத்துகிறார். "வலியே இல்லாத காலைக் காட்ட நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை போக வேண்டுமா?" என்று அப்பா கேட்கிறார், எனக்கும் உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. எனக்குச் சில மாதங்களாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் குறைந்துவிடுகிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. நானும் அதே மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும், எந்தக் கட்டத்தில் பொறுத்திருக்கலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாதநலச்_செவிலியர்

வணக்கம் தம்பி. சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் செவிலியர் நான். உங்கள் இரண்டு கேள்விகளில் அவசரமானது அப்பாவுடையது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வலிக்கிறது, ஆனால் பொறுக்கலாம்; அவருக்கு வலிக்கவில்லை, ஆனால் பொறுக்கக் கூடாது.

காய்ப்பின் நடுவே கருஞ்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் காய்ப்புக்கு அடியில் கசிந்து உறைந்த இரத்தம். தடித்த தோல் நடக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் மெல்லிய சதையை எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. உணர்வுள்ள காலாக இருந்தால் அந்த இடம் நெருப்பாய் வலித்திருக்கும். அவர் நொண்டி நடந்திருப்பார், பாரம் வேறு பக்கம் மாறியிருக்கும், புண் வராமல் தப்பியிருக்கும். உணர்வு மங்கிய காலில் இந்தத் தற்காப்பு நடப்பதில்லை. மேலே தோல் மூடியிருக்க, அடியில் புண் ஏற்கெனவே உருவாகியிருக்கவும் வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட காய்ப்பைச் சீவி எடுத்தவுடன் உள்ளே குழி தெரிவதை எங்கள் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். ஆகவே, "வலிக்கவில்லை" என்று அவர் சொல்வதே மருத்துவரைப் பார்ப்பதற்கான முதல் காரணம்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அப்பாவின் தயக்கம் குறையலாம். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் குறிப்பிட்ட இடங்களில், அது வில்லாக வளையும் வரை வைத்து எடுப்பார்கள். கண்ணை மூடியிருப்பவர் எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். அதிர்வை உணர்கிறாரா என்று இசைக்கவையோ பயோதீசியோமீட்டர் என்ற கருவியோ வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கருவியில் 25 வோல்ட்டுக்கு மேல் போன பிறகுதான் அதிர்வு தெரிகிறது என்றால், புண் வரும் ஆபத்து மிகுந்த கால் என்று பொருள். பிறகு கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் பார்த்து, இரண்டையும் வகுத்து, காலுக்கு இரத்தம் எவ்வளவு போகிறது என்று கணக்கிடுவார்கள். 0.9-க்குக் கீழே இருந்தால் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், அந்த எண் பொய்யாக உயர்ந்தும் காட்டும். அதனால் கால் விரலில் தனியாக அழுத்தம் பார்ப்பதும், ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் எடுப்பதும் உண்டு. கடைசியாக, அந்தக் காய்ப்பைக் கத்தியால் மெல்ல மெல்லச் சீவி எடுப்பார்கள். மயக்க மருந்து எதுவும் தேவைப்படாது. காய்ப்பை எடுப்பதால் மட்டுமே அந்த இடத்தின் மீது விழும் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். அந்தக் காய்ப்பை வீட்டில் பிளேடால் செதுக்க வேண்டாம். மருந்துக்கடையில் விற்கும் கார்ன் கேப் எனும் ஆணிக்கால் பிளாஸ்திரியையும் ஒட்ட வேண்டாம். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தடித்த தோலையும் நல்ல தோலையும் பிரித்தறியாது. உணர்வில்லாத காலில் அது சதையையே அரித்துவிடும்.

மலைக்கோட்டை_வாசகர்

அம்மையார் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்வது நல்லது என்று நினைக்கிறேன். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிபுணர் என்று போனால் நடுத்தரக் குடும்பம் தாங்காது. எங்கள் ஊரில் பொடியாட்ரிஸ்ட் என்ற பலகையையே நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குக் காலில் புண் வந்தபோது பொது அறுவை மருத்துவர்தான் பார்த்தார். நாள்தோறும் கட்டு மாற்றினோம், ஆறிவிட்டது. நல்ல பொது மருத்துவரும், ஒழுங்காகக் கட்டுப் போடும் செவிலியரும் இருந்தால் போதாதா? நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் போய்வரும் செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாதநலச்_செவிலியர்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. உங்கள் அம்மாவின் புண் ஆறியதில் எனக்கும் மகிழ்ச்சி. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 4 ஆண்டுப் படிப்பும் அதன்பின் 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, அறுவை சிகிச்சை வரை அவர்களே செய்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையைப் பெரும்பாலும் பாதச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்களும் சர்க்கரை நோய் மருத்துவர்களும் அவர்களுடன் பணியாற்றும் செவிலியர்களும் பார்க்கிறார்கள். அவர்களில் யாராக இருந்தாலும் சரி.

ஆனால் "கட்டுப் போட்டால் போதும்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சர்க்கரைக் கால்புண்ணில் கட்டும் களிம்பும்தான் மிகச் சிறிய பங்கு வகிக்கின்றன. அந்த இடத்தில் பாரம் விழாமல் காப்பது, இரத்தம் போகிறதா என்று பார்ப்பது, கிருமி எலும்பு வரை இறங்கியிருக்கிறதா என்று சோதிப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய நான்கில் ஒன்று விட்டுப்போனாலும், எவ்வளவு விலையுயர்ந்த களிம்பும் பயன் தராது. நோயாளி காலையில் அழகாகக் கட்டுப் போட்டுக்கொண்டு, அதே காலை ஊன்றிக் குளியலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தால், ஆறத் தொடங்கிய தசை ஒவ்வோர் அடியிலும் நசுங்கும். அதனால்தான் பாதத்தின் அடியில் வரும் புண்ணுக்கு, முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டு அல்லது காலணி போட்டு அனுப்புவதே உலகெங்கும் முதல் தேர்வாக இருக்கிறது. கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் போனதும் கழற்றிவிடுவார்கள். இது மனித இயல்பு.

இன்னொன்று. ஆறிய புண் முடிந்துபோன கதை அல்ல. ஆறியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள்ளும், 60 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுக்குள்ளும் மறுபடி புண் வருகிறது. எனவே உங்கள் அம்மாவை ஒரு தடவையாவது பாதப் பிரிவில் காட்டுங்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வெம்பிளி_ஈழத்தவர்

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். இலண்டனில் அம்மாவுடன் வசிக்கிறேன். இங்கே நடைமுறை எப்படி என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சர்க்கரை வியாதி உள்ள ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒரு முறை பாதப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். குடும்ப வைத்தியரின் நிலையத்திலேயே தாதியர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, மேலே சகோதரி எழுதிய அதே நைலான் இழையால் தொட்டு, நாடி பார்த்து, ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து எழுதிக் கொடுப்பார். நடுத்தரமும் அதிகமும் என்று வந்தவர்களைப் பொடியாட்ரிஸ்டிடம் அனுப்புகிறார்கள். புதிதாகப் புண்ணோ, காரணமில்லாத வீக்கமோ வந்தால் ஒரு வேலை நாளுக்குள் பாதப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2015-இல் வெளியான தேசிய வழிகாட்டியில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கேயும் எல்லாம் நிறைவாக இல்லை. ஆபத்து குறைவு என்று எழுதப்பட்டவர்களுக்கு நகம் வெட்டுவது, ஆணிக்கால் எடுப்பது போன்றவற்றை அரச மருத்துவச் சேவை பொதுவாகச் செய்துதராது. தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பொடியாட்ரிஸ்ட், கைரோபோடிஸ்ட் என்ற இரண்டு பட்டங்களும் இங்கே சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. பதிவு செய்யாதவர்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். புலம்பெயர் உறவுகள் தனியாரிடம் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஒரு சந்தேகம். அம்மா ஊருக்குப் போனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு வெறுங்காலோடு போக வேண்டும் என்று உறுதியாக நிற்கிறார். அவருக்கு நடுத்தர ஆபத்து என்று எழுதியிருக்கிறார்கள். விடலாமா?

பாதநலச்_செவிலியர்

அம்மாவின் பக்தியைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் பிரிவுக்கு வரும் கொப்புளக் கால்களில் பல, நண்பகலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றி வந்தவை. உள்ளங்கால் முழுவதும் தோல் தனியாக எழும்பி நிற்கும். வந்தவர் அதை வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவும்போதுதான் பார்த்திருப்பார். சூட்டை உணரும் நரம்பு போய்விட்டால் கல் சுடுகிறது என்ற செய்தியே மூளைக்குப் போவதில்லை.

ஆகவே வெயில் ஏறுமுன் அதிகாலையிலோ, கல் குளிர்ந்தபின் இரவிலோ போகட்டும். கோடையில் பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்புப் போட்டு, தரையில் வெள்ளைப் பூச்சும் பூசுகிறார்கள். அதன் மீதே நடக்கட்டும். தடித்த காலுறை அணியலாமா என்று கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நீங்களே அவருடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்கெனவே புண் வந்து ஆறிய கால் என்றால் வெறுங்கால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

வெறுங்காலைப் போலவே நம் வீடுகளில் கவனிக்காமல் விடும் சூடுகள் இன்னும் உண்டு. பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் காலை வைத்து வருவது, இருசக்கர வண்டியின் சைலன்சரில் படுவது, கால் குடைகிறது என்று வெந்நீரில் ஊற வைப்பது எல்லாம் ஒன்றுதான். பெண்களுக்கு மெட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்குவது தெரியாமல், அது சதைக்குள் பதிந்துபோன நிலையில் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூர்_தோல்வினைஞர்

காலணித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். எங்கள் வட்டாரத்தில் இந்தப் பாதச் சிகிச்சைக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் அந்த நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியதை மறுத்தார். நரம்பு செத்து வலி தெரியாததால், அவர்கள் அறியாமலே படும் காயங்களும், காயத்தின் மீதே தொடர்ந்து நடப்பதும்தான் காரணம் என்று காட்டினார். அந்த நோயாளிகளுக்காகத்தான் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு இங்கே உருவாகிப் பரவியது. அவர் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த அறிவும் உடன் போயிற்று. இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கும் முறைகளில் பெரும்பங்கு அங்கிருந்து கிளைத்ததுதான். வேலூர் மண்ணில் பிறந்த இந்தப் பாடம் பக்கத்து ஊர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

செருப்பு வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உணர்வு குறைந்த காலுக்கு ஹவாய் செருப்பு ஆகாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் உரசிப் புண்ணாகும்; மேலும், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருவில் நடந்து போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ளதாக, முன்பக்கம் அகன்றதாக, மேல் வாரை இழுத்துத் தளர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். உள்தளம் மெத்தென்றும், அடித்தளம் முள்ளோ ஆணியோ ஏறாத அளவுக்கு உறுதியாகவும் இருக்க வேண்டும். மென்மை மட்டும் போதும் என்று பஞ்சு போன்ற செருப்பை வாங்குவதில் பயனில்லை. அது சில வாரங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவெடுங்கள். எம்.சி.ஆர். என்று பெயர் சொல்லி எதை எதையோ விற்கிறார்கள் என்பதால், விரல் வளைந்தோ எலும்பு துருத்தியோ இருப்பவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி அச்செடுத்துச் செய்யும் இடத்தில் வாங்குவதே நல்லது.

கொங்கு_மருமகள்

இந்த இழையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமனாருக்கு ஒரு நாள் இடது பாதம் திடீரென்று சிவந்து, பந்துபோல் வீங்கி, தொட்டால் கொதித்தது. காயம் எதுவும் இல்லை. பெரிதாக வலியும் இல்லை. முதலில் பார்த்த இடத்தில் யூரிக் அமிலம் கூடிவிட்டது என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் தோலில் கிருமி என்று ஊசி போட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, நடக்கவும் விட்டுவிட்டார்கள். பல வாரங்கள் கழித்து வேறோர் ஊரில் பாதப் பிரிவில் காட்டியபோதுதான் சார்கோ பாதம் என்றார்கள். அதற்குள் உள்ளங்காலின் வளைவு உடைந்து கீழே இறங்கி, பாதம் தோணியின் அடியைப் போல வளைந்துவிட்டது. இப்போது நடு உள்ளங்காலிலேயே பாரம் விழுகிறது. அங்கே புண் வந்துகொண்டே இருக்கிறது. முதல் நாளே யாராவது "காலை ஊன்றாதீர்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் பாதம் பாதமாக இருந்திருக்கும். அந்தக் கோபம் எங்கள் வீட்டில் இன்னும் தணியவில்லை.

பாதநலச்_செவிலியர்

சகோதரி, உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சார்கோ 1868-இலேயே விவரித்துவிட்ட இந்த நிலையை இன்றும் பலர் தவறவிடுகிறார்கள். உணர்வு மங்கிய காலில், சிறு எலும்புகள் நொறுங்கத் தொடங்கும்போது வரும் அழற்சி அது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியவரும். ஆகவே, பல ஆண்டு சர்க்கரையுடன் உணர்வும் குறைந்தவருக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைச் சார்கோ என்றே எண்ணி, அந்த நிமிடத்திலிருந்தே காலை ஊன்றாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் தோலின் வெப்பத்தை அளந்து, 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு நீடித்தால் அது எச்சரிக்கை. கருவி இல்லாவிட்டால் புறங்கையால் இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். இவ்வளவு வேறுபாடு கைக்கே தெரியும்.

இயன்முறை_மதுரை

வலியுள்ள குதிகாலைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு நான் பதில் சொல்கிறேன். காலையில் முதல் அடியில் ஊசி குத்துவதுபோல் வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் வலிதான். இதற்கு உடனே நிபுணரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள், அறுவை எதுவும் இல்லாமல், சரியாகிவிடுகிறது. படுக்கையிலிருந்து இறங்குமுன் காலை மடித்து, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்துப் பலமுறை நீட்டுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைத் தசையையும் நீட்டுங்கள். வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடப்பதைச் சில மாதங்களுக்கு நிறுத்தி, குதிகால் சற்று உயர்ந்த மெத்தென்ற செருப்பு அணியுங்கள். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்ளாக வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது, அதை வெட்டி எடுத்தால் வலி போகும் என்பதும் இல்லை.

இவற்றைச் சில வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் பாத மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். ஆனால் சில வலிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. இரவில் ஓய்விலும் விடாமல் வலிப்பது, குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் துடிப்பது, மரத்துப் போவது ஆகியவற்றுக்கு வேறு காரணம் இருக்கும். இளம் வயதில் இரண்டு குதிகால்களும் வலித்து, காலையில் முதுகும் இறுகினால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது பின்காலில் "டப்" என்று சத்தம் கேட்டு, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் தசைநார் அறுந்திருக்கலாம். அதற்கு அன்றே மருத்துவமனை.

நடந்தால் கெண்டைக்காலில் பிடித்திழுத்து, நின்றால் விடுகிறது என்பவர்கள், குறிப்பாகப் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், அதை வயதின் வலி என்று விட்டுவிடுகிறார்கள். அது இரத்தக் குழாயின் குரல். இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்ற கட்டம் வந்துவிட்டால் இரத்தக் குழாய் அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

மலைக்கோட்டை_வாசகர்

இவ்வளவு விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவின் பாதத்தை நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை என்பதைவிட, பார்த்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. உணர்வு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா? சென்னையோ மதுரையோ போக முடியாதவர்கள் எங்கே தொடங்க வேண்டும்?

பாதநலச்_செவிலியர்

உண்டு ஐயா. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவாக்கிய எளிய தொடு சோதனை அது. கருவி எதுவும் வேண்டாம். அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு கால்களிலுமாக, ஒன்றிரண்டு நொடி மிக மெல்லத் தொடுங்கள். தட்டவோ அழுத்தவோ தடவவோ கூடாது. ஒவ்வொரு தொடுதலுக்கும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று கொண்டு பாதப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எல்லாம் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை முறையான பரிசோதனை வேண்டும். உணர்வு மட்டும் போயிருந்தால் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும், அதோடு இரத்த ஓட்டக் குறைவோ பாத வடிவ மாற்றமோ சேர்ந்தால் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே புண் வந்தவர்களும், விரலோ காலோ எடுக்கப்பட்டவர்களும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிசில் இருப்பவர்களும் உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் 1 முதல் 3 மாதங்களுக்குள் வர வேண்டும். உங்கள் அம்மா பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் வருவார்.

தொடங்குமிடத்தைப் பொறுத்தவரை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். திருச்சியில் உங்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சர்க்கரை நோய்ப் பிரிவிலோ பொது அறுவைப் பிரிவிலோ பாதப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். தமிழக அரசு "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால்தான் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்ற நிலை மாற வேண்டும். அது மாறும் வரை நாமே கழற்றிக் காட்ட வேண்டியதுதான்.

எல்லாக் கால் தொல்லைக்கும் நிபுணர் தேவை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாதவரின் பித்தவெடிப்புக்கு எண்ணெயோ யூரியா கலந்த களிம்போ போதும். சேற்றுப்புண்ணுக்கு விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, பூஞ்சைக்கான மருந்து தடவினால் போதும். நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டினால் நகம் சதைக்குள் இறங்குவதும் பெரும்பாலும் குறையும். அப்படியும் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால், நகத்தின் ஓரத்தை மட்டும் எடுத்து அந்த ஓரம் மறுபடி வளராதபடி வேரில் பீனால் என்ற வேதிப்பொருளை வைக்கும் சிறு சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு இவையே வந்தால் மட்டும் கணக்கு மாறிவிடும். அங்கே வெடிப்பும் விரலிடுக்குப் புண்ணும் கிருமி நுழையும் வாசல்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். நகத்தின் அடியில் கருங்கோடு ஒன்று புதிதாகத் தோன்றி அகன்றாலோ, அது நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்ந்தாலோ, உள்ளங்காலில் கரும்புள்ளி வளர்ந்தாலோ, அடிபட்ட இரத்தம் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா எனும் தோல் புற்று இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது.

நெய்தல்_நாகை

அனைவருக்கும் மிக்க நன்றி. செவிலியர் அக்கா சொன்ன தொடு சோதனையை நேற்று இரவு அப்பாவுக்குச் செய்து பார்த்தேன். வலது காலில் மூன்று விரல்களும் தெரியவில்லை. இடது காலில் சுண்டுவிரல் தெரியவில்லை. நான் தொடவே இல்லை என்று அப்பா சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் அவர் நம்பினார். இப்போது வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்னை தேவையில்லை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே முதலில் காட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். போகும்வரை என்ன செய்ய வேண்டும், போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பாதநலச்_செவிலியர்

நல்ல முடிவு தம்பி, தஞ்சாவூரே போதும். தள்ளிப் போடாமல் நாளையோ மறுநாளோ போய்விடுங்கள். அதுவரை அந்தக் காலில் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். காலைக் கழுவியதும் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். எண்ணெயோ களிம்போ இடுக்கில் தடவ வேண்டாம். இதற்கிடையில் அந்தப் புள்ளியிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, நாள் குறித்ததைப் பார்க்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி முடிவு, சிறுநீரகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் காய்ப்பைச் சீவுமுன்பே சொல்லிவிடுங்கள். இந்தக் காலுக்கு இரத்த ஓட்டம் போதுமா, காய்ப்புக்கு அடியில் புண் இருக்கிறதா, அடுத்து எத்தனை மாதத்தில் வர வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அன்றாடம் அணியும் பழைய செருப்பை மாற்றிவிட்டுப் புதுச் செருப்போடு கூட்டிப் போக வேண்டாம். அந்தப் பழைய செருப்பில் எந்த இடம் அமுங்கித் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த செருப்பின் உள்தளத்தில் எங்கே பாரத்தை எடுக்க வேண்டும் என்று எழுதுவார்கள்.